எவர்சில்வர் சொம்பும் எஞ்சிய மோனோமரும்

நான் சொன்னது சரி. முதல் வரியிலேயே இதை எழுதிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் இந்தக் கதையை யார் சொன்னாலும் இந்த ஒரு வரியை மட்டும் சௌகரியமாக விட்டுவிடுவார்கள். சரியானதைச் சொன்னவளை எந்தக் குடும்பமும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. அவள் சொன்ன நேரத்தில் யார் மீசையில் என்ன தொங்கியது என்பதைத்தான் தலைமுறை தலைமுறையாகப் பேசுகிறது.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. பி.எஸ்சி. வேதியியல், முதல் வகுப்பு. (யாரும் கேட்கவில்லைதான். அப்போதும் யாரும் கேட்காமலேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.) நாடு கதவைத் திறந்துவிட்டது, வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து குவியப் போகின்றன என்று பேப்பரில் தினமும் எழுதினார்கள். கம்பெனிகள் உள்ளே வந்தனவோ இல்லையோ, திறந்த கதவு வழியாக என் வகுப்புத் தோழிகள் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மெட்ராஸில் கம்ப்யூட்டர் கோர்ஸ். ஒருத்தி கல்யாணமாகி மஸ்கட். நாகூர்க்காரி ஒருத்தி சிங்கப்பூரில் அண்ணன் கடையில் கணக்குப் பார்க்கப் போய்விட்டாள். நான் மட்டும் தஞ்சாவூரில், மொட்டை மாடியில் உட்கார்ந்து பாலிமர் படித்துக்கொண்டிருந்தேன்.

பாலிமர் என்றால் எனக்கு அப்படி ஒரு பித்து. பிளாஸ்டிக் பக்கெட்டைப் பார்த்தால் அதன் மூலக்கூறு எப்படிச் சங்கிலியாகக் கோத்திருக்கிறது என்று சொல்வேன். நைலான் கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பவரை எழுப்பி, அவர் எதன்மேல் படுத்திருக்கிறார் என்று விளக்குவேன். அம்மாவுக்கு இது கவலையாக இருந்தது. பி.எட். முடித்து ஏதாவது கான்வென்ட் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தால் பேசுகிற வியாதி தானாகச் சரியாகிவிடும், அங்கே பேசுவதற்குச் சம்பளமும் கொடுப்பார்கள் என்பது அம்மாவின் திட்டம்.

அந்தச் சமயத்தில்தான் ஞானராஜ் அங்கிளின் போன் வந்தது. அப்பாவோடு கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். நன்னிலம் பக்கத்துக்காரர். மெட்ராஸ் போய், பல் டாக்டர்களுக்கு வேண்டிய சாமான்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விற்று, பெரிய ஆளாகிவிட்டார். பல் செட்டும் கிளிப்பும் செய்கிற அக்ரிலிக் பவுடரையும் திரவத்தையும் இனி இங்கேயே தயாரிக்கப் போகிறாராம். தொழிற்சாலைக்கு ஒரு கெமிஸ்ட் வேண்டுமாம்.

"வேளாங்கண்ணிக்குப் போறப்ப வீட்டுக்கு வர்றோம். சாப்பிட்டுட்டு, அப்படியே பொண்ணுகிட்டயும் பேசிப் பாத்துர்றேன்" என்றார்.

நான் மாடிப்படியில் ஏறி இறங்கி ஏறி இறங்கிக் கொண்டாடினேன். மெட்ராஸ்! தொழிற்சாலை! அதுவும் அக்ரிலிக்! உலகத்தில் எனக்காகவே யாரோ உட்கார்ந்து ஒரு வேலையை உருவாக்கியிருந்தார்கள். அது தவறினால் பி.எட். விண்ணப்பம் பீரோவில் தயாராக இருந்தது. அப்பா ஏற்கெனவே கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார்.

ஒரே ஒரு குறை. என் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி.

"மெட்ராஸ்ல வேலைக்குப் போற பொண்ணு. சிரிச்சா நடுவுல ரயில் கேட்டு தொறந்து கெடக்குற மாதிரியா இருக்கணும்?" என்று அம்மா என்னைப் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு கிளிப் செய்து கொடுத்தார். மேலண்ணத்தை ஒட்டிப் படுத்துக்கொள்ளும் ரோஸ் நிற அக்ரிலிக் தகடு. அதிலிருந்து கிளம்பி முன்பற்களை வளைத்துப் பிடிக்கும் ஒரு கம்பி. அங்கிள் வருகிறார் என்று அம்மா அவசரப்படுத்தியதில் காலையில் அளவு எடுத்து சாயங்காலமே கொடுத்துவிட்டார்கள்.

கையில் வாங்கியதும் மோந்து பார்த்தேன். (கெமிஸ்ட்ரி படித்தவர்களுக்கு இது அனிச்சைச் செயல். மல்லிகைப்பூவைக்கூட முதலில் கையால் விசிறித்தான் மோந்து பார்ப்போம்.) சுரீரென்று ஏறுகிற ஒரு வாசனை. எங்கள் கல்லூரி லேபில் சந்தித்த பழைய சினேகிதம்.

"டாக்டர், இது சூட்டுல இறுக வச்சதா, தானா இறுகுனதா?"

டாக்டர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "என்ன படிக்கிறீங்க?"

"பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. ஃபர்ஸ்ட் கிளாஸ்."

"நல்லதும்மா. அடுத்த பேஷன்ட்!"

அன்று சாயங்காலம் மூன்று மணி நேரம் போட்டிருந்தேன். பச்சை மிளகாயை அரைத்து மேலண்ணத்தில் அப்பியது போல எரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் தகடு தொட்ட இடமெல்லாம் ரத்தச் சிவப்பு.

"பஜ்ஜி தின்னேல்ல, அந்தக் காரம்" என்றார் அம்மா.

காரம் அல்ல. எனக்குத் தெரியும். பவுடரும் திரவமும் கலந்து இறுகும்போது, சேராமல் மிச்சம் நிற்கும் திரவம், அதாவது மோனோமர், தகட்டிலிருந்து கசியும். முதல் நாளில்தான் அதிகம் கசியும். தானாக இறுகிய ரகத்தில் இந்த மிச்சம் கூடுதல். சிலருக்கு எரியும், சிலருக்கு ஒவ்வாமையாகும். வைத்தியம் சுலபம்: ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டால், வாயில் கசிய வேண்டியது தண்ணீரில் கசிந்துவிடும்.

இதுவரை நான் செய்ததில் ஏதாவது பிழை இருக்கிறதா? இல்லை. வேண்டுமானால் எந்த பாலிமர் பேராசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள்.

சரி, எதில் ஊறப் போடுவது? டம்ளரில் போட்டால் தண்ணீர் போதாது. தண்ணீர் கூடுதலாக இருந்தால்தான் கசிவு நன்றாக நடக்கும். பிளாஸ்டிக் குவளை கூடாது. மோனோமர் பிளாஸ்டிக்கைத் தின்னும். (இத்தனூண்டு மிச்சம் குவளையைத் தின்றுவிடாதுதான். ஆனால் எனக்குக் கொள்கை முக்கியம்.) அலமாரியின் மேல்தட்டில் அம்மாவின் கல்யாணச் சீர் எவர்சில்வர் சொம்பு இருந்தது. வயிறு பெருத்து, கழுத்து குறுகி, ஒரு முழு லிட்டர் பிடிக்கும். கிளிப்பைச் சாய்த்து உள்ளே நுழைத்தேன். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினேன். சொம்பின் வயிற்றில் எச்சரிக்கை லேபிள் ஒன்றும் ஒட்டினேன். எறும்பும் தூசியும் விழாமல் இருக்க, வாய்மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்தேன். சமையலறை மேடையின் ஓரத்தில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு வாசலில் வெள்ளை அம்பாசடர் வந்து நின்றது. ஞானராஜ் அங்கிள் இறங்கினார். அவருக்கு முன்னால் அவர் மீசை இறங்கியது. இரண்டு பக்கமும் சீவி, நுனி முறுக்கி, மெழுகு போட்டு நிறுத்திய கம்பீரமான மீசை. பின்னால் ஆன்ட்டி, கழுத்தில் ஜெபமாலையும் கையில் மாதாவுக்கு எடுத்த பட்டுப்புடவையுமாக.

"வாப்பா ஞானராஜு! வாங்கம்மா, வாங்க, வாங்க" என்று அப்பா ஓடினார்.

உட்கார்ந்து ஊர்க் கதை பேசி முடித்து அங்கிள் என் பக்கம் திரும்பினார். முதலாம் ஆண்டு படிக்கிற என் தங்கை விமலா, கதவோரம் நின்று எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி தன் மூக்குக்கடியில் விரல்களால் மீசை முறுக்கிக் காட்டினாள். நான் அவளைப் பார்க்காமல் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சொல்லும்மா ரீட்டா. அக்ரிலிக்குன்னா என்ன? என் பொஞ்சாதிக்குப் புரியுற மாதிரி சொல்லு, பாப்போம்."

இந்த மாதிரி ஒரு கேள்விக்குத்தான் நான் பிறந்ததிலிருந்து காத்திருந்தேன்.

"ஆன்ட்டி, கல்யாணப் பந்தி தெரியும்ல? சனங்க மண்டபத்துக்குள்ள அங்க இங்க சுத்திக்கிட்டு நிக்கிறாங்க. அதுதான் மோனோமர், அதாவது திரவம். பந்தி போட்டாச்சுன்னு ஒருத்தர் கூப்புடுறாரு. எல்லாரும் ஓடிப்போய் ஒருத்தர் பக்கத்துல ஒருத்தரா வரிசையா உக்காந்துட்டா அசைய முடியாது பாருங்க, அதுதான் பாலிமர். கெட்டி அக்ரிலிக்."

"அட!" என்றார் ஆன்ட்டி.

"சபாஷ்!" என்று அங்கிள் தொடையில் தட்டினார். அப்பாவின் முகம் மலர்ந்தது. எனக்கு மெட்ராஸ் ரயிலின் சத்தமே கேட்டுவிட்டது. "சரி, பந்தியில எடம் கெடைக்காம கொஞ்சம் பேரு நிப்பானே? அவன் என்ன ஆவான்?"

எவ்வளவு அருமையான கேள்வி! இந்த மனிதரிடம் காலம் முழுக்க வேலை பார்க்கலாம் என்று தோன்றியது. அந்த நேரத்தில்தான் அம்மா ஒரு தட்டில் தண்ணீர் கொண்டுவந்து டீப்பாயில் வைத்தார். நான் அதைக் கவனிக்கவில்லை. கண்கள் கூரையில், மனம் பந்தியில்.

ஆன்ட்டி டம்ளரை எடுக்கப் போனார். அங்கிள் தடுத்தார். "டம்ளர் எதுக்கு? மெட்ராஸ்லதான் வாய வச்சு உறிஞ்சுறான். நம்ம ஊருக்கு வந்தா சொம்போட அண்ணாந்து குடிக்கணும். அப்பதான் தாகம் அடங்கும்." டம்ளரைக் கீழே வைத்தார். தலையைப் பின்னால் சாய்த்தார். வாயைத் திறந்தார். சொம்பை உயரத் தூக்கிச் சரித்தார்.

"அந்த நிக்கிற ஆளுங்க சும்மா இருக்க மாட்டாங்க அங்கிள். ஒவ்வொருத்தரா கழண்டு..." என்று சொல்லிக்கொண்டே கண்ணை இறக்கினேன். "...தண்ணிக்குள்ள வந்துருவாங்க."

அந்தச் சொம்பு. அம்மாவின் கல்யாணச் சீர்ச் சொம்பு.

அந்த நொடியில் ஒரு சாதாரணப் பெண் 'ஐயோ' என்று கத்தியிருப்பாள். நான் முதல் வகுப்பு.

"அங்கிள்! அதுல எஞ்சிய மோனோமர் இருக்கு!"

தண்ணீர் அவர் தொண்டையில் களக் களக் என்று இறங்கிக்கொண்டே இருந்தது. குடித்தபடியே என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார், பெண்ணுக்கு எவ்வளவு ஆர்வம் பார் என்பது போல. சொம்பின் கழுத்தில் ஏதோ 'டங்' என்று முட்டியது. அவர் இன்னும் கொஞ்சம் சரித்தார்.

ரோஸ் நிறத்தில் கிளிப் வழுக்கிக்கொண்டு வந்தது. வாய்க்குள் விழவில்லை, அந்த அளவில் மாதா காப்பாற்றினார். மேலுதட்டில் விழுந்து, ஒரு புரள் புரண்டு, கம்பியை முறுக்கு மீசைக்குள் சொருகி, அங்கேயே தொங்கியது.

அங்கிள் இரண்டு கண்ணையும் மூக்கு நுனிக்குக் கொண்டுவந்து கீழே பார்த்தார்.

ஆன்ட்டி அலறினார். "என்னங்க! உங்க பல்லு கழண்டு வந்துருச்சு!"

அங்கிள் பதறித் தன் வாயைப் பொத்தினார். உள்ளே விரலை விட்டுத் தடவினார். பிறகு, இன்றுவரை எங்கள் வீட்டில் அப்படியே அந்தக் குரலில் சொல்லிக் காட்டப்படும் அந்த வாக்கியத்தைச் சொன்னார்:

"எம் பல்லு இருக்குடி!"

மெட்ராஸ் முழுக்கப் பல் சாமான் விற்கும் ஞானராஜ் அங்கிளுக்குச் சொந்தப் பல் கிடையாது என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. எங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்தது. கதவோரம் விமலா துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன தண்ணி இது? வாசம் வேற ஒரு மாதிரி இருந்துச்சு. முனிசிபாலிட்டி தண்ணின்னு நெனச்சுக் குடிச்சேன்" என்றார் அங்கிள், மீசையிலிருந்து கிளிப்பை விடுவிக்கப் போராடிக்கொண்டே.

"இவதான் தண்ணி புடிச்சு வச்சிருந்தா. டம்ளரெல்லாம் கவுத்து, லட்சணமா. என் பொண்ணுக்கு இன்னைக்காவது பொறுப்பு வந்துச்சேன்னு அப்படியே எடுத்தாந்தேன்" என்றார் அம்மா.

"லேபிள் ஒட்டியிருந்தேனேம்மா!"

"அந்தக் காயிதமா? ஏதோ புள்ளியும் கோடுமா கோலம் போட்ட மாதிரி இருந்துச்சு. ஏதோ கிறுக்கல்னு பிச்சுப் போட்டேன்."

கோலம் அல்ல. மோனோமரின் அமைப்பு வாய்பாடு. பிழையில்லாமல் வரைந்திருந்தேன்.

"அக்கா, 'தொடாதே'ன்னு எழுதியிருக்கலாம்ல?" என்று தரையிலிருந்து குரல் வந்தது. அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்வதாகவும் இல்லை.

"உள்ள என்னம்மா கலந்திருக்கு?" ஆன்ட்டியின் கை ஜெபமாலையைப் பிடித்திருந்தது.

கேட்டால் சொல்லத்தானே வேண்டும்? "மெத்தில் மெத்தாக்ரிலேட் ஆன்ட்டி. கூடவே பென்சாயில் பெராக்சைடு மிச்சம் கொஞ்சம் இருக்கலாம். அமீன் ஒண்ணும்..." ஒவ்வொரு பெயருக்கும் ஆன்ட்டி ஒரு மணி உருட்டினார்.

"விஷமா?"

"விஷம்னு சொல்லிர முடியாது. அளவைப் பொறுத்தது."

"ரீட்டா, வாய மூடு!" என்றார் அப்பா.

"மூட முடியலப்பா, எரியுது!"

அம்மா மோர் கொண்டுவர ஓடினார். ஒரு சொம்புத் தண்ணீரில் கசிந்திருப்பது ஒரு மனிதரை ஒன்றும் செய்யாது என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். 'மோனோமர் இருக்கு' என்று அலறியவளே அதைச் சொன்னதால் யாரும் நம்பவில்லை.

அங்கிள் கிளிப்பைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். வியாபாரியின் கண் வந்துவிட்டது. "எவன் மெட்டீரியல் இது?"

இந்த இடத்தில் 'தெரியாது அங்கிள்' என்று சொல்லியிருந்தால் வேலை கிடைத்திருக்கும் என்பது அப்பாவின் கட்சி. எனக்குத் தெரியுமே! டாக்டரின் மேஜையில் அந்த டப்பாவைப் பார்த்திருந்தேன், சுவரில் அதே கம்பெனி காலண்டரோடு.

"உங்களுதுதான் அங்கிள்."

மீசை நின்றுவிட்டது.

"எங்க சரக்குல மிச்சமே நிக்காது. வெளிநாட்டுச் சரக்கு."

"வெளிநாட்டு மோனோமரும் மோனோமர்தான் அங்கிள். சரக்கு மேல தப்பில்ல. அவசரமா செஞ்சு, ஊற வைக்காம வாயில போடுறதுதான் தப்பு. வெந்நீர்ல அழுத்தம் குடுத்து இறுக வச்சா மிச்சம் கொறையும். அப்புறம் ஒரு நாள் தண்ணியில போட்டா இன்னும் கொறையும். டப்பா மேல அந்த ஒரு வரி போடுங்களேன்."

"போட்டா எவன் வாங்குவான்? அடுத்த கம்பெனிக்காரன் போட மாட்டான். 'இன்னைக்கே போடலாம்'னு சொல்றவன்கிட்டதான் டாக்டர் போவாரு."

"எரியுதுன்னு சொல்ற பேஷன்ட்டுகிட்ட 'பஜ்ஜி தின்னேல்ல'ன்னு சொல்வாங்களா? பாருங்க!"

சொன்னதோடு நிற்கவில்லை. மெட்ராஸிலிருந்து வேலை கொடுக்க வந்தவர் முகத்துக்கு நேராகப் போய், தலையை அண்ணாந்து, வாயைப் பிளந்து, என் சிவந்த மேலண்ணத்தைக் காட்டினேன்.

அவர் பார்த்தார். ஒரு நொடி நன்றாகவே பார்த்தார். பிறகு எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். "ஒம் பொண்ணுக்கு அறிவு இருக்குடா" என்றார் அப்பாவிடம். "எனக்கு ஒரு கெமிஸ்ட் போதும். நீ வக்கீல வளத்து வச்சிருக்க."

அம்மா விடிகாலையில் எழுந்து வைத்த வஞ்சிர மீன் குழம்பைத் தொடாமலே கிளம்பினார்கள். ஆன்ட்டி கார் கதவை மூடும் முன் என் கையைப் பிடித்து, "மாதாகிட்ட இவருக்கும் வேண்டிக்கிறேன், உனக்கும் வேண்டிக்கிறேன்" என்றார். எதற்காக என்று சொல்லவில்லை.

திரும்பி உள்ளே வந்தேன். அடுப்பில் வடித்த கஞ்சிப் பாத்திரம் கொதிக்கக் கொதிக்க ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அம்மா அதற்குள் எதையோ இடுக்கியால் அழுத்திக்கொண்டிருந்தார்.

"அம்மா! சூடு படக் கூடாதும்மா!"

"அந்த மனுசன் மீசையில கெடந்தத அப்படியே வாயில வச்சுக்குவியா நீ?"

எடுத்தபோது கிளிப் சுட்ட அப்பளம் மாதிரி ஓரம் தூக்கி வளைந்திருந்தது. என் மேலண்ணத்துக்கோ வேறு எந்த மனிதப் பிறவியின் மேலண்ணத்துக்கோ அது இனிப் பொருந்தாது. இன்னொன்று செய்ய அப்பா சம்மதிக்கவில்லை. வேலை போச்சு. ஒரு வாரத்தில் அங்கிள் ஒரு பையனைச் சேர்த்துக்கொண்டார், ரொம்ப அமைதியான பையன் என்று அப்பாவுக்குச் செய்தி வந்தது. அம்மா பீரோவைத் திறந்து பி.எட். விண்ணப்பத்தை எடுத்தார்.

நான் அதை நிரப்பவில்லை. எரிச்சல் தீர்ந்த வாயோடு, திறந்து கிடக்கும் ரயில் கேட்டோடு, கண்ணில் பட்ட பெயின்ட் கம்பெனி, பசை கம்பெனி எல்லாவற்றுக்கும் எழுதிப் போட்டேன். மெட்ராஸுக்குப் போகாமல் விடவில்லை. என்னை எடுத்துக்கொண்ட பசைக் கம்பெனியில், மிச்சம் நிற்கும் மோனோமரை அளப்பதுதான் வேலை. இன்டர்வியூவில் தண்ணீர் வந்தபோது முதலில் உள்ளே எட்டிப் பார்த்தேன். ஏன் என்று கேட்டார்கள். சொன்னேன். சிரித்து முடித்து வேலை கொடுத்தார்கள்.

பல வருஷம் கழித்து என் மகளுக்குக் கிளிப் போட ஒரு பல் டாக்டரிடம் போனேன். அலமாரியில் அங்கிளின் கம்பெனி டப்பா. எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம், கீழே, பொடி எழுத்தில்: செய்து முடித்ததை நோயாளியிடம் கொடுக்கும் முன் ஒரு நாள் தண்ணீரில் ஊறவைக்கவும்.

அங்கேயே நின்று அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"எல்லாக் கம்பெனியும் இப்ப போடுறாங்கம்மா. உன்னாலதான் போட்டான்னு அவன் சொன்னானா?"

"என்னாலதான்."

"அவன் மீசைய எடுத்துட்டான், அது வேணா உன்னாலதான்."

எங்கள் வீட்டில் இப்போதும் யார் சொம்பைத் தூக்கினாலும் முதலில் காதருகே கொண்டுபோய்க் குலுக்கிப் பார்க்கிறார்கள். மருமகன்கள்கூடக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். பாதிச் சாப்பாட்டில் யாருக்காவது புரையேறினால் எல்லாரும் ஒரே குரலில் "எம் பல்லு இருக்குடி!" என்கிறார்கள். சிரிக்கட்டும். நான் சொன்னது சரி.

என் கல்யாணத்துக்கு அம்மா அந்தச் சொம்பையே சீராகக் கொடுத்துவிட்டார். "இனி இது என் வீட்டுல இருக்க வேண்டாம்" என்று ஆசீர்வதித்து. மகளின் கிளிப்பை அதில்தான் ஊறப் போட்டேன். அன்றைக்கென்று நியூ ஜெர்சியிலிருந்து விமலா போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் துப்பட்டா வாயில் திணிக்கப்படும் சத்தம்.

"அக்கா, இன்னைக்கு வீட்டுக்கு மீசை வச்ச ஆளு யாராச்சும் வர்றாங்களா?"

"வரட்டும்டி" என்றேன். "இந்தத் தடவை டம்ளர் கவுக்கல."